பாடியது பத்துக்கு மேல்! ஊர் வைத்துக்கொண்டது ஒன்று!

புத்தகம் எழுத ஆசைப்படுகிறவர் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

பள்ளிக்கூட ஆசிரியர், தபால்காரர், ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை, பேரன் பேத்தி எடுத்த பாட்டி, யாரைக் கேட்டாலும், "ரொம்ப நாளாக ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்று நினைப்பு" என்பார்கள்.

"நல்லது. என்ன புத்தகம்?"

இந்த இடத்தில்தான் தடுமாற்றம் வந்துவிடும்.

"சரித்திர நாவல் எழுதலாம் என்று பார்க்கிறேன். அதற்குத்தான் மதிப்பு" என்பார் ஒருவர். "காவியம் பாடினால்தான் கவிஞன் என்று ஒப்புக்கொள்வார்கள்" என்பார் இன்னொருவர். "துப்பறியும் கதை என்றால் விற்கும். ஆனால், நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்ள முடியாதே!" என்று இழுப்பாரும் உண்டு.

இவர்கள் எல்லாருடைய பேச்சிலும் ஒரே கணக்குத்தான் ஓடுகிறது. எந்த வகைப் புத்தகம் பெரியது, எந்த வகை சிறியது என்ற கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, பெரியது என்று தோன்றுவதை எழுத உட்காருகிறார்கள்.

இது சாதாரண விஷயம் இல்லை. ஒரு நாவல் எழுதி முடிப்பதற்குள் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிவிடும். பிரசுரம் செய்ய ஆள் கிடைக்காவிட்டால் சொந்தச் செலவில் அச்சிட வேண்டும். அதற்காக வீட்டு நகை அடகுக் கடைக்குப் போவதும் உண்டு. அச்சான புத்தகம் கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டு அம்மாளுக்கு நகை ஞாபகம்தான் வரும்!

ஆகவே, பேனாவை எடுக்கும் முன்பே, "என்ன புத்தகம்?" என்று யோசிப்பது நல்லது. அப்படி யோசிக்கிறவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய ஊர் ஒன்று இருக்கிறது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் மேலகரம்தான் அது.

மேலகரத்துக் கவிராயர்

சாரல் காலத்தில் அந்தச் சாலையில் வண்டிகள் வரிசை வரிசையாகப் போகும். எல்லாருக்கும் அருவிக்குப் போகிற அவசரம். மேலகரத்தில் நின்று பார்க்க யாருக்கு நேரம்?

அந்த ஊரைச் சேர்ந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். குற்றாலத்துக் கோயிலில் இருக்கும் குற்றாலநாதரிடமும், குழல்வாய்மொழி அம்மையிடமும் அளவு கடந்த பக்தி உள்ளவர். அவர் பாடியதெல்லாம் குற்றாலத்தைப் பற்றியே!

ஒன்றா, இரண்டா? பத்துக்கு மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் இருக்கின்றன. குற்றாலத் தலபுராணம் பாடினார். குற்றால மாலை பாடினார். குற்றாலச் சிலேடை, குற்றால யமக அந்தாதி, குற்றால உலா என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

இந்தப் பெயர்கள் எல்லாம் அந்தக் காலத்துப் புலவர்களின் மதிப்புப் பட்டியலில் இருந்தவை. சிலேடை என்றால், ஒரே சொல் இரண்டு பொருள் தரும்படி பாடுவது. அந்தாதி என்றால், ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ, அந்தச் சொல்லில் அடுத்த பாட்டைத் தொடங்குவது. யமகம் என்றால் இன்னும் கடினம். அடிக்கு அடி அதே எழுத்துகள் வர வேண்டும். ஆனால், பொருள் மட்டும் வேறு வேறாக இருக்க வேண்டும்! படிக்கிறவர் பக்கத்தில் உரைகாரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால்தான் விளங்கும்.

இதையெல்லாம் செய்து காட்டியவர் கவிராயர். புலவர்கள் சபையில் தலை நிமிர்ந்து உட்கார இவையே போதும்.

ஆனால், இன்று கவிராயர் என்றதும் ஜனங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? தலபுராணமா? யமக அந்தாதியா? கோயிலோடு பழகியவர்களும் தமிழ்ப் பேராசிரியர்களும் தவிர, அந்தப் பெயர்களைச் சொல்பவர் மிகக் குறைவு.

எல்லாருக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்று. குற்றாலக் குறவஞ்சி!

அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். பாட்டுக் கச்சேரியில் பாடுகிறார்கள். 1944-இல் சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் ருக்மிணி தேவி அருண்டேல் அதை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். கவிராயருக்கு வாழ்ந்த காலத்திலேயே பரிசு வாங்கித் தந்ததும் அதுதான். மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குப் பெயரே குறவஞ்சி மேடு!

அதே புலவர், அதே ஊர், அதே சாமி. பக்தியிலும் குறைவில்லை, படிப்பிலும் குறைவில்லை. அப்படியிருக்க, ஒன்று மட்டும் ஏன் வீடு வீடாகப் போயிற்று? மற்றவை ஏன் கோயில் மதிலுக்குள்ளேயே நின்றுவிட்டன?

குறத்தி பேசுகிறாள்

குறவஞ்சி என்பது பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகம். கதை மிகச் சின்னது.

குற்றாலநாதர் வீதியில் பவனி வருகிறார். பந்து விளையாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி என்ற பெண் அவரைப் பார்த்து மனத்தைப் பறிகொடுக்கிறாள். நிலவைத் திட்டுகிறாள், தென்றலைத் திட்டுகிறாள், தோழியைத் தூது அனுப்புகிறாள். அப்போது மலையிலிருந்து குறத்தி ஒருத்தி வருகிறாள். கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். பரிசாக நகைகள் வாங்கிக்கொண்டு போகிறாள். அவளைத் தேடிக்கொண்டு அவள் புருஷன் சிங்கன் வருகிறான். பறவை பிடிப்பது அவன் தொழில். தேடித் தேடிக் கடைசியில் பெண்டாட்டியைக் குற்றாலத்துத் தெருவில் கண்டுபிடிக்கிறான்.

இவ்வளவுதான் கதை. இதில் வசந்தவல்லி நிலவைத் திட்டுவது புதிதல்ல. எத்தனையோ தமிழ் நூல்களில் எத்தனையோ நாயகிகள் திட்டியிருக்கிறார்கள். பந்து விளையாடும் பாட்டு அழகானது. துள்ளித் துள்ளி ஓடும். அதைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும், குறத்தி உள்ளே வந்ததும்தான் நாடகம் நிமிர்ந்து உட்காருகிறது.

அவள் தன் மலையைப் பற்றிச் சொல்கிறாள். குரங்குகள் பழம் கொடுத்துக் கொஞ்சுவதைச் சொல்கிறாள். அருவித் தண்ணீர் ஓடிவருவதைச் சொல்கிறாள். தன் சொந்த பந்தத்தைச் சொல்கிறாள். இது புத்தகத்தில் படித்த மலை இல்லை. மழைக்கும் வெயிலுக்கும் அங்கேயே கிடக்கிறவள், "எங்கள் மலை" என்று பெருமையோடு சொல்லும் மலை.

பிறகு சிங்கன் வருகிறான். வலை விரிக்கிறான். பறவைகள் எங்கெங்கே மேய்கின்றன என்று சொல்கிறான். அவன் தொழில் நுணுக்கமெல்லாம் பாட்டில் வந்துவிடுகிறது. கண்ணி வைத்துவிட்டுக் காத்திருக்கும்போதுகூட அவனுக்குப் பெண்டாட்டி நினைப்பு! வேலை செய்யும் மனிதனுக்கு மனம் எப்படி அலையும் என்பது தெரிந்தவர்தான் இப்படி எழுத முடியும்.

கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளும் இடம்தான் எல்லாவற்றிலும் உச்சம். அவள் மேலெல்லாம் நகை. காலில் கிடப்பது என்ன, இடுப்பில் இருப்பது என்ன, கழுத்தில் மினுக்குவது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவனுக்கு நகையைப் பார்த்துப் பழக்கம் இல்லை. சந்தேகமும் ஒரு பக்கம். அவள் ஒவ்வொன்றுக்கும் சளைக்காமல் பதில் சொல்கிறாள். ஆண்பிள்ளை கேள்வியும், பெண்பிள்ளை பதிலும், நடுநடுவே கோபமும், கொஞ்சலும். எந்த வீட்டுத் திண்ணையிலும் இன்றைக்கும் கேட்கக்கூடிய பேச்சு!

யமக அந்தாதியில் பேசியவர் கவிராயர். கவிராயரின் படிப்பு பேசியது. குறவஞ்சியில் அவர் ஒதுங்கி நின்றார். குறத்தியைப் பேச விட்டார். சிங்கனைப் பேச விட்டார். மேலகரத்திலிருந்து குற்றாலம் கோயிலுக்கு நடந்து போகும் வழியில், மலையிலிருந்து தேனும் கிழங்கும் கொண்டுவருகிறவர்களின் பேச்சு அவர் காதில் எத்தனை தடவை விழுந்திருக்கும்! அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கும் பாத்திரமாகக் குறவஞ்சி என்ற வகை அவருக்கு அகப்பட்டது.

குறவஞ்சியை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே அந்த வகை இருந்தது. ஆடுகிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் உரிய சரக்கு என்று பண்டிதர்கள் சற்றுத் தள்ளி வைத்திருந்த வகை. புராணம் பாடிய வாயால் அதைப் பாடலாமா என்று கவிராயர் நினைத்திருந்தால், இன்று மேலகரத்தின் பெயரைக்கூட யாரும் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் படித்த படிப்பு வீணா?

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். "அப்படியானால் இலக்கணமும் வேண்டாம், பழைய நூலும் வேண்டாம். தெருவில் கேட்டதை அப்படியே எழுதினால் போதும்" என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். அது தப்பு.

குறவஞ்சியின் பாட்டு அவ்வளவு லகுவாக ஓடுகிறதென்றால், அதற்குக் கை பழகியிருக்க வேண்டும். யமகத்தில் முட்டி மோதிப் பழகிய கை அது. தலபுராணம் பாடுவதற்காகக் குற்றாலத்தின் ஒவ்வொரு பாறைக்கும் ஒவ்வொரு தீர்த்தத்துக்கும் கதை தேடியவருக்குத்தான், குறத்தியின் வாயில் அந்த மலையை வைக்க முடியும். எளிமையாக எழுதுவது சுலபமான வேலை என்று நினைத்து இறங்கியவர்கள் பாதியில் எழுந்து போயிருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வியும் வரும். ஜனங்களுக்குப் பிடித்ததெல்லாம் நல்ல புத்தகமா? இல்லை. பிரமாதமாக விற்றுவிட்டு, ஐந்தே ஆண்டில் காணாமல் போன புத்தகங்கள் எண்ணி முடியாது. கவிராயர் விற்பனைக்காகக் குறவஞ்சி பாடவில்லை. அப்போது அச்சுப் புத்தகக் கடையே இங்கே கிடையாது! அவருக்குத் தெரிந்த மனிதர்கள், அவர் காதுக்குள் இருந்த பேச்சு, அதற்குப் பொருத்தமான வகை. மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்தன. அவ்வளவுதான்.

ராஜா எழுதிய இரண்டு நூல்கள்

மேலகரத்திலிருந்து தென்காசிக்குத் திரும்பினால், அங்கே இன்னொருவர் கதை இருக்கிறது. அவர் புலவர் மட்டும் அல்ல, ராஜா!

வடக்கே காசிக்குப் போக முடியாதவர்களுக்காகத் தெற்கே ஒரு காசி வேண்டும் என்று பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் கட்டியது தென்காசி விசுவநாதர் கோயில். மதுரையை இழந்த பாண்டியர்கள் தென்காசியிலிருந்து ஆண்டார்கள். அந்தப் பரம்பரையில் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டத்துக்கு வந்தவர் அதிவீரராம பாண்டியன்.

அவர் பெரிய காவியம் ஒன்று எழுதினார். நளன், தமயந்தி கதை. பெயர் நைடதம். ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள். நைடதம் புலவர்களுக்கு மருந்து என்று ஒரு பேச்சு தமிழ்நாட்டில் உண்டு. அவ்வளவு சத்து, அவ்வளவு கடினம்! காசிக்குப் பெருமை சேர்க்கும் காசி காண்டத்தையும் அவரே தமிழில் பாடினார்.

அதே ராஜா கையடக்கமான நூல் ஒன்றும் எழுதினார். வெற்றிவேற்கை. நறுந்தொகை என்றும் சொல்வார்கள். உட்கார்ந்து படித்தால் சிறிது நேரத்தில் முடிந்துவிடும்.

காவியம் பெரிது, வெற்றிவேற்கை சிறிது. ஆனால், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுத்துப் பழகிய பிள்ளைகள், ஆத்திசூடி, கொன்றைவேந்தனோடு சேர்த்து மனப்பாடம் செய்தது எதை? வெற்றிவேற்கையைத்தான். எவ்வளவு வறுமை வந்தாலும் படிப்பை விடாதே என்று அது சொன்னது. எந்தக் குடியில் பிறந்தவனாக இருந்தாலும், படித்தவனுக்கு மரியாதை உண்டு என்று சொன்னது. சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் இதைச் சொன்னார் என்பது யோசித்துப் பார்க்க வேண்டிய சங்கதி.

நைடதத்தைக் குறை சொல்வதற்கில்லை. தமிழை ஆழமாகக் கற்கிறவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். ஆனால், "குழந்தைப் பிள்ளைகளுக்கு நாலு வரி எழுதுவது ராஜாவுக்கு அழகா?" என்று பாண்டியன் நினைக்கவில்லை பாருங்கள், அது பெரிய மனசு. இன்றைக்குக் குழந்தைகளுக்காக எழுது என்று ஒரு புது எழுத்தாளரிடம் சொல்லிப் பார்த்தால், அவர் முகம் சுருங்குவதைக் காணலாம்.

கடையத்திலிருந்து ஒரு கணக்கு

யாருக்காக எழுதுகிறோம் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு எழுதியவர்களில் பாரதியாருக்கு இணை இல்லை.

1912-இல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் வெளிவந்தபோது, அதன் முன்னுரையில் அவர் தம் எண்ணத்தைச் சொல்லிவிட்டார். இரண்டு ஆண்டுகள் படித்துப் பழகியவருக்கும் விளங்கும்படி, எளிய சொல்லில், எல்லாருக்கும் தெரிந்த மெட்டில் காவியம் வேண்டும் என்பது அவர் கட்சி. மகாபாரதக் கதைதான். காவியம்தான். ஆனால், படிக்கப்போகிறவர் யார் என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தது.

பாரதியாரின் மனைவி செல்லம்மாவின் ஊர் கடையம். தென்காசிக்கு அருகே உள்ள ஊர். 1918 முதல் 1920 வரை பாரதியார் அங்கே இருந்தார். வருமானம் இல்லை. பெரிய மனிதர்களின் ஆதரவும் இல்லை. அந்த நிலைமையில் 1920-இல் அவர் ஒரு திட்டம் போட்டார். தம் எழுத்துகளை எல்லாம் 40 புத்தகங்களாக அச்சிட வேண்டும். ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள்! மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு அவை விற்கும் என்று நம்பினார். பண உதவி கேட்டுப் பலருக்கு அச்சிட்ட கடிதம் அனுப்பினார்.

பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு, 1921 செப்டம்பரில், சென்னையில் அவர் காலமானார்.

திட்டம் தோற்றது உண்மை. ஆனால், அந்தக் கணக்கில் ஒரு விஷயம் இருக்கிறது. பட்டு அட்டை போட்டுப் பீரோவில் வைக்கும் புத்தகத்தை அவர் நினைக்கவில்லை. தீப்பெட்டி வாங்கப் போகிறவர் கையில் இருக்க வேண்டிய புத்தகத்தை நினைத்தார். பாப்பாவுக்குப் பாட்டு, புதிய ஆத்திசூடி என்று சின்னச் சின்ன வகைகளையும் அவர் விட்டுவைக்காததற்குக் காரணம் இதுதான். இன்று அந்தப் பாட்டுகள் இல்லாத வீடு ஏது?

அருவியில் தள்ளிய ஆசிரியர்

சின்ன வகை, பெரிய வகை என்று பார்க்கும் நோய் தமிழர்களுக்கு மட்டும் உள்ளதல்ல. சீமையிலும் உண்டு.

இங்கிலாந்தில் ஆர்தர் கானன் டாயில் என்ற டாக்டர் இருந்தார். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதியவர். ஜனங்கள் அந்தக் கதைகளுக்காகக் காத்துக் கிடந்தார்கள். டாக்டருக்கோ அதில் பெருமை இல்லை. சரித்திர நாவல்தான் உயர்ந்தது, தம் பெயர் அதனால்தான் நிற்கும் என்று எண்ணினார். துப்பறியும் கதை அதற்கு இடைஞ்சல் என்று தோன்றியது. 1893-இல் ஹோம்ஸைக் கொன்றே போட்டுவிட்டார்! ஸ்விட்சர்லாந்தில் உள்ள ஓர் அருவியில் ஹோம்ஸ் விழுந்து இறந்ததாகக் கதை எழுதினார்.

படித்தவர்கள் கொதித்துப் போனார்கள். கடிதம் கடிதமாக எழுதினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1903-இல், ஹோம்ஸ் சாகவில்லை, தப்பிவிட்டார் என்று ஆசிரியரே எழுதும்படி ஆயிற்று. அவருடைய சரித்திர நாவல்களின் பெயரைச் சொல்லும்படி இன்று யாரையாவது கேட்டுப் பாருங்கள்!

அந்த அருவி குற்றாலமாக இருந்திருந்தால், ஹோம்ஸ் சுகமாகக் குளித்துவிட்டு எழுந்து வந்திருப்பார்.

இடைசெவல் விவசாயி

குற்றாலத்துக்கு அருவிக்காக மட்டும் ஜனங்கள் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரைப் பார்க்கவும் வந்தார்கள். டி.கே.சி. என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். வக்கீலுக்குப் படித்தவர். திருநெல்வேலியில் அவர் வீட்டில் நண்பர்கள் கூடி உட்கார்ந்து பாட்டை ரசித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்று பெயர். கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். 1954-இல் காலமானார். ராஜாஜியும் கல்கியும் அவருக்கு நெருங்கிய நண்பர்கள்.

அவர் எழுதியதில் தடித்த புத்தகம் அதிகம் இல்லை. பேசுவது போலக் கட்டுரை எழுதினார். நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்களே பின்னால் புத்தகமாயின. "நான் கடிதம் தவிர ஒன்றும் எழுதினதில்லையே" என்று ஏங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவரிடம் வந்து போனவர்களில் இடைசெவல் என்ற கிராமத்து இளைஞர்கள் இருவர் உண்டு. கோயில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள கரிசல் பூமி அது. ஒருவர் கு. அழகிரிசாமி. மற்றொருவர் கி. ராஜநாராயணன். ஒரே ஊரில் இரண்டு எழுத்தாளர்கள்! இரண்டு பேருக்கும் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது. எந்தப் பட்டணத்துத் தெருவுக்கும் இப்படி ஓர் அதிர்ஷ்டம் வாய்த்ததாகத் தெரியவில்லை.

கி.ரா. விவசாயி. பள்ளிக்கூடப் படிப்பும் கொஞ்சம்தான். இளமையில் பாட்டு வித்துவானாக ஆசைப்பட்டவர். 1958-இல் அவருடைய கதை 'சரஸ்வதி' பத்திரிகையில் வந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தை எட்டியிருந்தது.

அது எப்படிப்பட்ட காலம்? கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்து, தமிழ்நாட்டையே கட்டிப் போட்டிருந்தது. எழுத ஆசைப்பட்டவர்களுக்கெல்லாம் குதிரையும் வாளும் கண்ணில் ஆடின. கல்கி அந்த நாவலுக்கு வருவதற்கு முன் எத்தனையோ ஆண்டுகள் பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரையும், சங்கீத விமரிசனமும், சிறுகதையும் எழுதியவர் என்பதை அவர்கள் பார்க்கவில்லை. குதிரையை மட்டும் பார்த்தார்கள்!

கி.ரா. குதிரை ஏறவில்லை. கரிசல் காட்டில் பருத்தி எடுக்கிறவர்களும், மாடு மேய்க்கிறவர்களும் பேசுவதைக் கதையாக எழுதினார். பாட்டி சொன்ன கதைகளைச் சேர்த்தார். 1976-இல் 'கோபல்ல கிராமம்' வந்தது. அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-இல் பரிசு பெற்றது.

இதற்கு நடுவில், 1982-இல், யாரும் எதிர்பாராத ஒரு புத்தகம் அவரிடமிருந்து வந்தது. கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு ஓர் அகராதி! அகராதி என்றால் பல்கலைக்கழகத்துப் பண்டிதர்கள் செய்யும் வேலை என்பதுதான் எல்லாருடைய எண்ணமும். ஒரு விவசாயி தன் ஊர்ச் சொற்களைச் சேர்த்து அகராதி போட்டார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 2021 மே மாதம் அவர் காலமானபோது, தமிழ்நாடு அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது.

நாவல் எழுதுவதா, அகராதி போடுவதா என்று அவர் கௌரவம் பார்க்கவில்லை. கையில் இருந்த சரக்கு என்னவென்று பார்த்தார். கதையாகச் சொல்ல முடிந்ததைக் கதையாகச் சொன்னார். கதைக்குள் அடங்காத சொற்களை அகராதியில் போட்டார்.

எழுதாமல் கிடப்பவை

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆயிற்று. பேனா பிடிக்கிறவர்களுக்கு அங்கே பஞ்சம் இல்லை. சரக்குக்கும் பஞ்சம் இல்லை.

ஆனியிலும் ஆடியிலும் சாரல் அடித்தால்தான் குற்றாலத்துக்கு வாழ்வு. மங்குஸ்தான் பழம் விற்கிறவர், எண்ணெய் தேய்த்து விடுகிறவர், அறை வாடகைக்கு விடுகிறவர் எல்லாருக்கும் இரண்டு மூன்று மாத வருமானம்தான் வருஷம் முழுவதும் ஓட வேண்டும். அருவியில் தண்ணீர் விழாத ஆண்டில் அந்த வீடுகளில் என்ன நடக்கிறது? குளித்துவிட்டுப் போகிறவர்கள் எழுதிய பயணக் கட்டுரைகள் ஏராளம். குளிக்கிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்தவர் எழுதிய புத்தகம் எங்கே?

செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து போகும் ரயில் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அந்த ரயிலில் மலைக்கு அந்தப் பக்கம் சரக்கு கொண்டுபோய் விற்றுவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் எத்தனை! தாத்தா சொன்ன வியாபாரக் கணக்கும், பாட்டி சொன்ன மலையாளச் சமையலும் பேரன்மார் தலையில் இன்னும் இருக்கின்றன. அதை எழுத நாவல் என்ற பெயர் வேண்டியதில்லை. நாற்பது பக்கக் குடும்பக் கதையாக எழுதினாலும் படிக்க ஆள் உண்டு. நாற்பது பக்கம் அச்சிட நகையும் அடகுக்குப் போகாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. தென்காசியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வாசல் திண்ணையிலும், வேப்பமரத்து நிழலிலும் பெண்கள் கூடி உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். மடியில் சுளகு. அதில் இலையும் தூளும். கை பாட்டுக்கு வேலை செய்யும். வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம், பீடிக் கடையில் கழித்துப் போட்ட கட்டு, இருமல் வந்த பக்கத்து வீட்டுக்காரி, பட்டணத்தில் வேலை பார்க்கும் மகனின் போன் பேச்சு என்று அது ஓடும். சிங்கனும் சிங்கியும் பேசியதைவிட அது எந்த விதத்திலும் மட்டமான பேச்சு இல்லை.

அந்தப் பெண்களின் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் படிக்கிறார்கள். அந்தப் பேச்சை நடுவில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒருத்தி அதை எழுதிவிட்டால், அதற்கு நாவல் என்று பெயர் போடுவதா, நாடகம் என்று போடுவதா, சுயசரிதை என்று போடுவதா என்பதை அட்டை அச்சாகும்போது முடிவு செய்துகொள்ளலாம்.